படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தால் சாய்தளம் வந்துவிடாது: ஸ்டெல்லா யங் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்டெல்லா யங்குக்கு அப்போது பதினாலு வயது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவல் என்ற தன் ஊரின் கடைத்தெருவை அவர் கணக்கெடுத்தார். சக்கர நாற்காலியோடு எந்தக் கடைக்குள் போக முடிகிறது, எந்தக் கடை வாசலோடு நிறுத்திவிடுகிறது என்பதுதான் கணக்கு. பிற்பாடு அவர் ஆசிரியர், தொலைக்காட்சித் தொகுப்பாளர், இதழாசிரியர், மேடை நகைச்சுவைக் கலைஞர் என்று பல வேலை பார்த்தார். 2014 டிசம்பர் 6 அன்று, 32 வயதில் இறந்தார். அவர் செய்த எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தப் பதினாலு வயதுக் கணக்கெடுப்பையே வேறு வேறு வடிவங்களில் தொடர்ந்திருக்கிறார் என்பது தெரியும். தடை எங்கே இருக்கிறது, அதை அங்கே வைத்தது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய நகைச்சுவையும் இந்தக் கேள்வியின் மேல்தான் கட்டப்பட்டது.

ஊரும் உடம்பும்

ஸ்டாவல், மெல்பர்னிலிருந்து வடமேற்கே சுமார் 230 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழைய தங்கச் சுரங்க ஊர். 1878 முதல் ஈஸ்டரை ஒட்டி அங்கே நடக்கும் ஓட்டப்பந்தயத்தால்தான் நாடு முழுக்க அந்தப் பெயர் தெரியும். 1982 பிப்ரவரி 24 அன்று ஸ்டெல்லா அங்கே பிறந்தார். அப்பாவுக்கு இறைச்சி வெட்டும் தொழில், அம்மா முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்தார். பிறவியிலேயே ஸ்டெல்லாவுக்கு எலும்பு எளிதில் உடையும் நிலை இருந்தது. எலும்புக்கு உள்ளிருந்து வலு தருவது கொலாஜன் என்ற புரதம். அதன் முதல் வகை உடலில் போதுமான அளவில் உருவாகாமலோ, உருவாகியும் அமைப்பு பிசகியோ போனால், சாதாரண அசைவிலேயே எலும்பு முறியும். மருத்துவர்கள் இதை ஆஸ்டியோஜெனசிஸ் இம்பர்ஃபெக்டா என்கிறார்கள். அவர் சக்கர நாற்காலியில் நடமாடியதற்குக் காரணம் இதுதான். மற்றபடி தன்னுடையது எல்லாரையும் போன்ற சாதாரணக் குழந்தைப் பருவம் என்றே அவர் சொல்லிவந்தார்.

பதினைந்து வயதில் நடந்த ஒன்றை அவர் பின்னாளில் மேடையில் சொன்னார். உள்ளூர்க்காரர் ஒருவர் பெற்றோரிடம் வந்து, சமூகச் சாதனை விருதுக்கு ஸ்டெல்லாவின் பெயரைப் பரிந்துரைக்கலாமா என்று கேட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் அவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்றார்கள் பெற்றோர். பள்ளிக்குப் போனாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள், மாலையில் அம்மாவின் கடையில் வேலை செய்தாள், மீதி நேரத்தில் டிவி பார்த்தாள். விருது கொடுக்க இதில் என்ன இருக்கிறது? பிள்ளையைக் குறைத்துப் பேசிவிட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அவரைச் சாதாரணப் பிள்ளையாக வளர்த்த பெற்றோர்தான் இப்படிப் பதில் சொல்ல முடியும். ஸ்டெல்லாவின் பிற்கால வாதம் முழுவதற்கும் இந்த வீட்டுப் பேச்சே விதை என்று தாராளமாகச் சொல்லலாம்.

கடைத்தெருக் கணக்கெடுப்புக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளிப் பாகுபாட்டுச் சட்டம் 1992-இல் வந்தது. ஆனால் அது புகாரின் பேரில் நடக்கும் சட்டம். பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால்தான் விசாரணை தொடங்கும், அதிகாரி கடை கடையாக ஏறி இறங்கிச் சோதிப்பதில்லை. கட்டடங்களுக்கான விரிவான அணுகல் விதிகள் நடைமுறைக்கு வந்தது 2011 மே மாதத்தில்தான். அவையும் பெரும்பாலும் புதுக் கட்டடத்துக்கும், மாற்றிக் கட்டும் பகுதிக்கும் பொருந்துபவை. பழைய கடைத்தெருவில் வாசல்படி அப்படியே இருந்தால் தானாக யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அந்தக் கணக்கெடுப்பைப் பதினாலு வயதுப் பெண் செய்ய வேண்டிவந்ததற்கு இதுவே காரணம்.

இருபதாவது நிமிடத்தில் ஒரு கை

டீக்கின் பல்கலைக்கழகத்தில் இதழியலும் மக்கள் தொடர்பும் படித்தார். பிறகு மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி. மெல்பர்ன் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்குச் சட்டப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவதூறுச் சட்டம் பற்றி இருபது நிமிடமாக விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் கையை உயர்த்தி, "மிஸ், உங்க பேச்சை எப்போ ஆரம்பிப்பீங்க?" என்றான். எந்தப் பேச்சு என்று இவருக்குப் புரியவில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் பள்ளிக்கு வந்தால் வழக்கமாக ஊக்கமூட்டிப் பேசுவார்களே, அது எப்போது என்று கேட்கிறான் பையன்.

பையனைக் குறை சொல்ல முடியாது. அதுவரை அவன் பார்த்த மாற்றுத்திறனாளிகள் எல்லாருமே கூட்ட அரங்கில் வந்து நின்று தங்கள் கதையைச் சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள். பாடம் நடத்துபவராக, மதிப்பெண் போடுபவராக, வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று கடிந்துகொள்பவராக ஒருவரைக்கூட அவன் பார்த்ததில்லை. அதனால் கண்முன்னே இருபது நிமிடம் பாடம் நடந்தும் அது பாடமாக அவன் காதில் விழவில்லை. ஸ்டெல்லா இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவர் உடம்பின் மேலும் விழாது, பையன் மேலும் பெரிதாக விழாது. பையனுக்கு அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த பழக்கத்தின் மேல்தான் விழும். அதே பழக்கம் தனக்கும் இருப்பது சிரித்து முடித்த பிறகுதான் கேட்பவருக்கு உறைக்கும். அவருடைய நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

பள்ளிக்குப் பிறகு மெல்பர்ன் அருங்காட்சியகத்தின் பொது நிகழ்ச்சிகளில் கல்வியாளராகப் பணியாற்றினார்.

சமூகத் தொலைக்காட்சியும் ஐந்து நிமிடமும்

மெல்பர்னின் சமூகத் தொலைக்காட்சியான சேனல் 31-இல் 'நோ லிமிட்ஸ்' என்ற நிகழ்ச்சியை எட்டுப் பருவங்கள் தொகுத்து வழங்கினார். மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை அவர்களே பேசும் நிகழ்ச்சி அது. கேமராவின் முன் நேரத்துக்குள் பேசி முடிப்பது, விருந்தினர் இழுத்தால் வெட்டுவது, ஒரு வரி எடுபடாவிட்டால் உடனே அடுத்ததற்குத் தாவுவது ஆகியவையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைவரும். மேடை நகைச்சுவைக்கும் இதே பயிற்சிதான் வேண்டும். வணிகத் தொலைக்காட்சி புதியவருக்கு எட்டுப் பருவம் பழக இடம் தராது. ஆகவே அவர் வளர்ச்சியில் சேனல் 31-இன் பங்கை வெறும் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடக் கூடாது.

மெல்பர்ன் சர்வதேச நகைச்சுவை விழா 'ரா காமெடி' என்ற பெயரில் புதியவர்களுக்குப் போட்டி நடத்துகிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம், தானே எழுதிய நகைச்சுவைச் சரக்கு மட்டும். ஸ்டெல்லா இதில் இரண்டு முறை மாநில அளவிலான இறுதிச்சுற்றுக்கு வந்தார்.

ஐந்து நிமிடச் சரக்கு எப்படித் தயாராகிறது என்பது வெளியில் அதிகம் தெரியாது. எழுதிய நகைச்சுவையில் பாதி முதல் இரவிலேயே விழுந்துவிடும். மீதியைப் பத்துப் பதினைந்து இரவுகள் வேறு வேறு கூட்டத்தின் முன் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்தச் சொல்லை முன்னே வைப்பது, எங்கே மூச்சு விடுவது, எந்த வரியில் கூட்டம் நெளிகிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும். இந்த இரவுகளுக்கான இடம் பெரும்பாலும் மதுக்கூடங்களின் மாடி அறையோ நிலவறையோதான். மின்தூக்கி இருக்காது. வாரத்தில் ஐந்து அறைகளில் சொல்லிப் பார்க்கும் கலைஞரும், ஏறக்கூடிய ஒரே அறையில் மட்டும் சொல்லிப் பார்க்கும் கலைஞரும் ஆறு மாதத்தில் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். திறமையில் வித்தியாசம் என்று தேர்வாளர் நினைப்பது பல நேரம் படிக்கட்டு செய்த வித்தியாசம்.

மாற்றுத்திறனாளிக் கலைஞருக்கு முதல் நிமிடம் தனிச் சிக்கல். அவர் மேடைக்கு வந்ததும் கூட்டம் இறுகிவிடும். சிரிக்கலாமா, சிரித்தால் தப்பா என்று தெரியாது. இந்த இறுக்கத்தைத் தளர்த்தாமல் மேலே போக முடியாது. எளிய வழி, தன் உடம்பைத் தானே கேலி செய்வது. சிரிப்பு உடனே வரும். ஆனால் அப்படித் தொடங்கிவிட்டால் மீதி நேரம் முழுக்கக் கூட்டம் மேலேயிருந்து கீழே பார்த்தே சிரிக்கும், பிறகு அதைத் திருப்ப முடியாது. இன்னொரு வழி, அந்த இறுக்கத்தையே பேசுவது. தெருவில் முன்பின் தெரியாதவர் வந்து, நீங்கள் ரொம்பத் தைரியசாலி என்று பாராட்டியதைச் சொல்வது. காலையில் எழுந்ததற்கும் தன் பெயரை நினைவு வைத்திருப்பதற்கும் பாராட்டா என்று ஸ்டெல்லா கேட்கும்போது, கூட்டம் அவரோடு சேர்ந்து அந்தப் பாராட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இந்த வழியில் முதல் சிரிப்பு சற்றுத் தாமதமாகவே வரும். அதுவரை பதறாமல் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

'ராம்ப் அப்' காலம்

2010-இல் ஆஸ்திரேலிய அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி, மாற்றுத்திறனாளிகளின் செய்திக்கும் கருத்துக்கும் 'ராம்ப் அப்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. ஆசிரியர் ஸ்டெல்லா. 2012 ஜூலையில் அதில் அவர் எழுதிய தலையங்கம்தான் 'இன்ஸ்பிரேஷன் போர்ன்' என்ற சொல்லைப் பரவலாக்கியது. தமிழில் 'ஊக்க ஆபாசம்' என்று சொல்லிப் பார்க்கலாம். கேட்டதும் முகம் சுளிக்க வைக்கும் சொல். தெரிந்தேதான் அதைப் பயன்படுத்துகிறேன் என்றார். ஒரு சாராரின் பயனுக்காக இன்னொரு சாராரைப் பண்டமாக்குவதால் அந்தச் சொல் பொருந்துகிறது என்பது அவர் வாதம்.

அவர் எடுத்துக்கொண்ட படங்களில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கை இல்லாத ஒரு சிறுமி வாயில் பென்சிலைக் கவ்விப் படம் வரைகிறாள். இதே வகையில் வரும் வேறு படங்களின் கீழே, 'உன் சாக்கு செல்லாது', 'விட்டுவிடும் முன் ஒரு முறை முயன்று பார்' என்று எழுதியிருக்கும். அந்த வரி யாரிடம் பேசுகிறது? படத்தைப் பார்க்கும், இரண்டு கையும் உள்ள ஒருவரிடம். இவளே வரைகிறாள், உனக்கு என்ன கேடு என்கிறது. சிறுமி என்ன வரைகிறாள் என்பது படத்தில் முக்கியமில்லை, அவள் பெயரும் இருக்காது. அவளுக்கோ அது சாதாரண வேலை. இருக்கும் உறுப்பைக் கொண்டு படம் வரைகிறாள், அவ்வளவுதான். தன் வாழ்க்கை எவ்வளவு மோசமானாலும் இவளைப் போல ஆகவில்லையே என்று பார்ப்பவர் ஆறுதல் அடைய வேண்டும், அதற்காக அவள் அங்கே ஒட்டப்பட்டிருக்கிறாள். நம் வாட்ஸப் குழுக்களில் விடியற்காலையில் வந்து விழும் படங்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

இதன் அடித்தளம் மாற்றுத்திறன் குறித்த சமூகப் பார்வை. 1976-இல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய 'யூப்பியாஸ்' என்ற உரிமை அமைப்பு, உடலின் குறைபாடு வேறு, சமூகம் ஏற்படுத்தும் முடக்கம் வேறு என்று பிரித்துச் சொன்னது. பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக் ஆலிவர் 1980-களில் அதற்குப் பெயர் கொடுத்து வளர்த்தார். ஸ்டெல்லா இந்தக் கோட்பாட்டைச் சமையலறைப் பேச்சாக மாற்றினார். மோசமான மனப்பாங்குதான் ஒரே ஊனம் என்ற பொன்மொழியை எடுத்துக்கொண்டு, படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாகாது என்றார். புத்தகக் கடை நடுவில் நின்று நம்பிக்கையைப் பரப்பினாலும் புத்தகங்கள் பிரெய்லுக்கு மாறிவிடாது என்றார்.

இங்கே தமிழ்ச் சொல் பற்றியும் பேசியாக வேண்டும். ஸ்டெல்லா தன்னை 'டிசேபிள்ட்' என்றே சொல்லிக்கொண்டார், மெருகேற்றிய மாற்றுச் சொற்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் கருணாநிதி ஆட்சியில் அரசாணைக்குள் வந்த 'மாற்றுத்திறனாளி' இன்று மரியாதையான சொல்லாக நிலைத்துவிட்டது, இங்கும் அதையே எழுதுகிறோம். ஆனால் அது அந்த ஆளின் திறனைப் பற்றிய சொல். ஸ்டெல்லாவின் சொல்லுக்கு நெருக்கமாகப் போனால் 'முடக்கப்பட்டவர்' என்றுதான் வரும். முடக்கியது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்பது நிமிடமும் ஒரு மணி நேரமும்

2014 ஏப்ரலில் சிட்னி ஓபரா ஹவுஸில் டெட்எக்ஸ் என்ற சொற்பொழிவு மேடையில் ஒன்பது நிமிடம் சொச்சம் பேசினார். விருது மறுத்த பெற்றோர், வகுப்பறைப் பையன், படங்கள், படிக்கட்டு எல்லாம் இந்தப் பேச்சில்தான் வரிசையாக வருகின்றன. பல லட்சம் பேர் இணையத்தில் பார்த்தார்கள்.

பேச்சில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத ஒரு பகுதி உண்டு. அதுவே மிக முக்கியமானது என்பது எங்கள் கருத்து. தானும் மற்ற மாற்றுத்திறனாளிகளிடமிருந்து தொடர்ந்து கற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். கீழே விழுந்த பொருளை பார்பெக்யூ இடுக்கியால் எடுப்பது, சக்கர நாற்காலியின் பேட்டரியிலிருந்து கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவது போன்றவற்றை. வியந்து பார்த்துவிட்டு நகர்வது வேறு, ஒருவரின் அனுபவத்திலிருந்து பயனுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வது வேறு என்பதை இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளே காட்டிவிடுகின்றன.

அந்தச் சார்ஜ் விஷயத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு. மின்சக்தி நாற்காலிகளில் பொதுவாக 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். ஜாய்ஸ்டிக் பகுதியில் இருக்கும் மூன்று முனைச் சார்ஜிங் துளையில் பொருத்துகிற யுஎஸ்பி மாற்றிகள் கிடைக்கின்றன, 24 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தரும். சிலர் 12 வோல்ட் கார் சார்ஜரை ஒரு பேட்டரியில் மட்டும் இணைத்துவிடுவார்கள். அந்தப் பேட்டரி மட்டும் அதிகம் காலியாகும். அடுத்த முறை இரண்டையும் சேர்த்து ஏற்றும்போது ஒன்று நிரம்பாது, மற்றது அளவுக்கு மேல் ஏறும். நாளடைவில் இரண்டுமே கெடும், நாற்காலி நடுவழியில் நிற்கும்.

அதே 2014-இல் நகைச்சுவை விழாவில் 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்' என்ற முழுநீளத் தனி நிகழ்ச்சியைக் கொண்டுவந்தார். இயக்கியவர் நகைச்சுவைக் கலைஞர் நெல்லி தாமஸ். 'கிரிப்ட்' என்றால் கல்லறை அறை. 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' என்ற புகழ்பெற்ற திகில் தொடரின் பெயரில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'நொண்டி' என்ற வசவுக்கு இணையான 'கிரிப்'பைப் போட்டார். வசவை அதற்கு இலக்கானவரே தலைப்பில் ஏற்றிவிட்டால், பார்வையாளர் டிக்கெட் வாங்கும்போதே அதை உச்சரிக்கத் தயங்குவார். நிகழ்ச்சி அந்தத் தயக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. விழாவின் சிறந்த புதுமுகம் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆண்டின் நடுவில் நிதி நின்றது. 'ராம்ப் அப்' தளத்துக்குப் பணம் ஏபிசியின் சொந்த வரவுசெலவிலிருந்து வரவில்லை, மத்திய அரசின் சமூக நலத் துறையிடமிருந்து வந்தது. அது புதுப்பிக்கப்படவில்லை என்றதும் ஜூன் இறுதியோடு தளம் நின்றது. பொது ஒலிபரப்பின் நிரந்தரப் பிரிவாக இல்லாமல் திட்ட நிதியில் ஓடும் எந்தப் பகுதிக்கும் இந்த ஆபத்து உண்டு. ஸ்டெல்லாவுக்கு வேறு மேடைகள் இருந்தன. அந்தத் தளத்தில் எழுதிப் பழகிய மற்ற பலருக்கு அது ஒன்றுதான் கூலி கொடுத்து எழுத வாய்த்த இடம். அதை மூடியது பெரும் தவறு.

நவம்பரில், எண்பது வயதாகப்போகும் தனக்கே ஒரு கடிதம் எழுதினார். உலகத்துக்குத் தான் பொருந்தாதவள் இல்லை, உலகம்தான் தனக்கு இன்னும் சரியாக அமையவில்லை என்று பதினேழு வயது வாக்கில் தெளிந்ததை அதில் குறிப்பிட்டார். அடுத்த மாதம் திடீரென இறந்தார். மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம் என்றார்கள். டிசம்பர் 19 அன்று மெல்பர்ன் நகர மன்ற அரங்கில் பொது நினைவுக் கூட்டம் நடந்தது, ஏபிசி அதை ஒளிபரப்பியது. இப்போது ஸ்டாவலில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது.

மேடையை அளப்பது

இந்த வாழ்க்கையை ஆராய்ந்துவிட்டு, நிகழ்ச்சி அமைப்பாளர் முதலில் எடுக்க வேண்டியது அளவு நாடா. ஆஸ்திரேலியத் தரத்தின்படி சாய்தளத்தின் சரிவு பொதுவாக 1:14-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பதினாலு பங்கு நீளம். இந்திய வழிகாட்டுதலில் 1:12. வாசலில் 15 சென்டிமீட்டர் படி ஒன்று இருந்தால் முதல் கணக்குக்கு 2.1 மீட்டரும் இரண்டாவதற்கு 1.8 மீட்டரும் வேண்டும். 60 சென்டிமீட்டர் உயர மேடை என்றால் முறையே 8.4 மீட்டர், 7.2 மீட்டர். இந்த நீளத்தைப் பார்த்ததும் அமைப்பாளர் 1:8 சரிவில் ஒரு பலகையைச் சாய்த்துவிடுவார். அந்தச் சரிவு நடைபாதை விளிம்பு போன்ற சிற்றுயரத்துக்கு மட்டுமே. மேடை உயரத்துக்கு அதைப் போட்டால் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழலாம், இறங்கும்போது பலகை தரையில் முடியும் இடத்தில் முன்சக்கரம் இடித்து நிற்கலாம்.

நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்பது அதைவிட மோசம். மின்சக்தி நாற்காலி ஆள் இல்லாமலே 100 கிலோவைத் தாண்டலாம். எலும்பு எளிதில் உடைபவரைத் தப்பான இடத்தில் பிடித்தாலே முறிவு. தூக்கி ஏற்றப்பட்டவரைப் பார்த்த கூட்டம், அவர் வாய் திறப்பதற்கு முன்பே பரிதாபப்பட்டு முடித்துவிடும். பிறகு எந்த நகைச்சுவையும் எடுபடாது.

மைக் தாங்கி நின்று பேசுபவருக்கென்று வைக்கப்பட்டிருக்கும். அதன் வட்ட அடிப்பாகம் சக்கரத்தில் மாட்டும். பக்கவாட்டிலிருந்து கை நீளும் தாங்கியோ, காதோடு மாட்டும் மைக்கோ வேண்டும். கையில் பிடிக்கும் மைக் கொடுத்தால் ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு கைதான் மிஞ்சும், அந்தக் கையால் சைகை காட்ட முடியாது. விளக்கு ஐந்தரை அடி உயர முகத்துக்குக் குவிக்கப்பட்டிருக்கும். உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் வெளிச்சம் போகும், முகம் இருட்டில் இருக்கும். முகபாவத்தை நம்பியிருக்கும் கலையில் இது சின்னப் பிழை இல்லை. சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தால் சரக்கின் வரிசையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், கடைசி வரியின் திருப்பம் தெரியாமல் அவரால் அதைப் பெயர்க்க முடியாது.

பார்வையாளர் பகுதிக்குச் சாய்தளம் போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் இரண்டு படியை விட்டுவிடுவதும், அணுகல் கழிப்பறையில் நாற்காலிகளையும் துடைப்பத்தையும் அடுக்கி வைப்பதும் எங்கும் நடக்கிறது. இரண்டையும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தொலைபேசியில் கேட்டால் எல்லாம் சரி என்றுதான் சொல்வார்கள். 8.4 மீட்டருக்கு இடமே இல்லை என்றால் மேடையை அகற்றிவிடலாம். முதல் மூன்று வரிசை தரையில், அதற்குப் பின்னுள்ளவை படிப்படியாக உயர்ந்தால் பார்வை மறைக்காது. அப்படிச் செய்யும் இரவில் சக்கர நாற்காலிக் கலைஞர் மட்டும் தரையில் இருந்து, மற்றவர்கள் மேடையில் ஏறக் கூடாது. பட்டியலில் உள்ள எல்லாருமே தரையில்தான் நிகழ்த்த வேண்டும்.